நேத்து என்ன செஞ்சீங்க?

அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'நேத்து'. நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அன்று சாயங்காலமே போன் வரும். "ஏன்டி, என்னையப் பத்தி எழுதுனியாமே? எங்க உக்காந்து எழுதுன? எம்புட்டு நேரமாச்சு? முதல் வரியை எத்தனை தடவை அடிச்சு அடிச்சு எழுதுன?" என்று துளைத்து எடுத்துவிடுவாள்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒன்றாகப் படித்தோம். மேலூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவள் வருவாள். மேலூர் பஸ் ஸ்டாண்டில் நான் சேர்ந்துகொள்வேன். அவளுடைய அப்பா கல் குவாரியில் கிரேன் ஓட்டுபவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போனவர். பிற்பாடு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே வெள்ளாமை பார்த்தவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஆள் குள்ளம். குரல் மட்டும் பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கும்.

மூன்றாம் வருஷம், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு ஒன்றில் யாரோ அவளைக் கேட்டிருக்கிறார்கள், படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாய் என்று. "ஐடி" என்று சொல்லியிருக்கிறாள். "அதுல என்னத்தா செய்யணும்?" என்று அடுத்த கேள்வி. வாயைத் திறந்தவளுக்கு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் என்னிடம் பொரிந்து தள்ளிவிட்டாள். "எங்கப்பாட்ட கேளு, நேத்து என்ன செஞ்சேன்னு சொல்லும். எங்கம்மாட்ட கேளு, சொல்லும். அம்புட்டு ஏன், இந்தா நிக்கிறாரே கண்டக்டர் அண்ணன், அவரு சொல்லுவாரு. மூணு வருசமா படிக்கிறேன், ஆபீஸுக்குள்ள போனா பகலெல்லாம் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியலையேடி. ஒனக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது. எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, ஏசி, மாதக் கடைசியில் சம்பளம். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த ஐடி. நடுவில் இருக்கும் பகல் எப்படிப் போகும் என்று நாங்கள் யோசித்ததில்லை.

அன்றிலிருந்து லேப்டாப் பை மாட்டியவர் எவரைப் பார்த்தாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒருநாள் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க ஐடியா?"

"ஆமாம்மா. ஏன்?"

"நேத்து ஆபீஸ்ல என்ன செஞ்சீங்க?"

அவர் சிரித்தார். "நேத்து ஒரே மீட்டிங்."

"மீட்டிங்ல என்ன பேசுனீங்க?"

"அடுத்த மீட்டிங்கை எப்ப வைக்கிறதுன்னு."

கிண்டல் பண்ணி முடித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். அவள் விடவில்லை. சரி, அந்த மீட்டிங்கில் யார் யார் இருந்தார்கள், என்ன கெட்டுப்போனதால் கூடினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மனிதர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டுக் கடை ஒன்றின் வலைத்தளம் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலையாம். எங்கேயோ ஒரு எச்சரிக்கை மணி அடிக்குமாம். எது நின்றது, ஏன் நின்றது என்று தேடிப்பிடித்து ஓட வைக்க வேண்டுமாம். முந்தின நாள் அப்படித் தேடியதைச் சொல்லச் சொல்ல அவர் முகமே மாறிவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியதும் அவருக்குத் தெரியவில்லை. மாட்டுத்தாவணிவரை போய்த் திரும்பி வந்திருப்பார் பாவம்.

'நேத்து' என்ற பெயர் விழுந்தது கல்லூரியில் நடந்த வேலை வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில்தான். சென்னையிலிருந்து வந்தவர் திரையில் வேலைகளின் பெயர்களாக ஓடவிட்டார். டெவலப்பர், டெஸ்டர், டேட்டா அனலிஸ்ட், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இவள் எழுந்தாள்.

"சார், அந்த டேட்டா அனலிஸ்ட் நேத்து என்ன செஞ்சிருப்பாரு?"

அரங்கம் சிரித்தது. அவர், "டேட்டாவை ஆராய்ஞ்சு நிறுவனத்துக்கு வழி சொல்லுவாரும்மா" என்றார்.

"அது சரி சார். நேத்து காலையில உக்காந்ததும் முதல்ல எதைத் திறந்திருப்பாரு?"

அவர் எங்கள் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் எங்களைப் பார்த்தார். "உக்காரும்மா" என்று அதட்டல் வந்தது. உட்கார்ந்தாள். வெளியே வரும்போது பையன்கள் 'நேத்து, நேத்து' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் அதற்கெல்லாம் கூசுகிற ஆள் இல்லை. "அவருக்கும் தெரியலடி" என்று மட்டும் சொன்னாள். "சனிக்கிழமை நம்மளே போய்ப் பாத்துட்டு வருவோம்."

போனோம். சனிக்கிழமை மத்தியானங்களில் மதுரைக்குள் நாங்கள் ஏறி இறங்காத மாடிப்படி இல்லை. யாராவது சீனியரைப் பிடிப்பாள். அவருக்குத் தெரிந்தவரைப் பிடிப்பாள். டவுன் ஹால் ரோட்டில் வெப் டிசைனர் ஒருவர், ஒரு பட்டனை இடப்பக்கமும் வலப்பக்கமும் நாளெல்லாம் நகர்த்தவிட்டுக் கடைசியில் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டாராம் வாடிக்கையாளர் என்று தலையில் அடித்துக்கொண்டார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் டேட்டா அனலிஸ்ட், 'மேலூர்' என்ற ஊர்ப் பெயரை நோயாளிப் பதிவுகளில் ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங்கில் அடித்து வைத்திருந்ததை நேற்றெல்லாம் ஒன்றாக்கினேன் என்றார். "அதைச் செஞ்சாத்தான் எந்த ஊர்ல காய்ச்சல் கூடுதுன்னு தெரியும்" என்றார். அதைக் கேட்டதும் இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சென்னைக்காரருக்குத் தெரியாத பதில் கிடைத்துவிட்டதே.

வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் சாயங்காலம் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிற சிலரையும் விடவில்லை. அவர்களும் கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான். "நேத்து என்ன செஞ்சீங்க?" என்றால், "நேத்து மௌரியர், இன்னைக்குக் குப்தர்" என்றார்கள். அதையும் அவள் கேலி செய்யவில்லை. "பாஸ் பண்ணுனப்பறம் அந்த ஆபீஸ்ல என்ன வேலை?" என்று கேட்டாள். அதை மட்டும் அவர்கள் யோசித்திருக்கவில்லை.

கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் சின்ன மென்பொருள் கம்பெனி. அங்கே டெஸ்டராக இருந்த அக்கா ஒருவர் தன் வேலையைச் செய்தே காட்டினார். பெயர் கேட்கிற இடத்தில் ஒரு முழுப் பத்தியை ஒட்டினார். பிறந்த தேதிக்கு நாளைய தேதியைப் போட்டார். மென்பொருள் திணறி விழுந்தது. "விழுந்துச்சா? இதான் என் வேலை. ஊர்க்காரங்க விழவைக்கிறதுக்கு முந்தி நான் விழவைக்கணும்" என்றார். எனக்கு இன்னொரு வழி தோன்றியது. "அக்கா, சேமிக்கிற பட்டனை ரெண்டு தடவை வேகமா அமுக்குனா?" என்றேன். அமுக்கிப் பார்த்தார். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுந்தது. "அட!" என்றார்.

திரும்பும்போது நேத்து சொன்னாள், "ஒனக்கு வேலை கிடைச்சிருச்சுடி. அந்தக்கா வாங்கிக் குடுத்த பஜ்ஜியை நீ தொடவே இல்ல, பாத்தியா?"

இன்றைக்கு நான் டெஸ்டர். உண்மையாகச் சொல்கிறேன், காலையில் கணினியைத் திறக்கும்போது எனக்கு அலுப்பு வருவதில்லை. எங்கள் வகுப்பில் இப்படி இன்னும் சிலரை அவள் சேரவேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறாள். வீட்டுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்க வந்தவரோடு ஒரு பையனைப் பேசவிட்டு அவனை நெட்வொர்க் பக்கம் திருப்பியதும் அவள்தான். ஆனால் "ஒனக்கு எது?" என்று நாங்கள் கேட்டால், "பாப்போம்" என்பாள். எல்லாருடைய பகலையும் கேட்டு வைத்திருந்தவளுக்குத் தன்னுடைய பகல் மட்டும் பிடிபடவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

வளாகத் தேர்வுக்குப் பெரிய கம்பெனி ஒன்று வந்தது. எழுத்துத் தேர்வு, தொழில்நுட்பக் கேள்விகள் எல்லாம் தாண்டி, மனிதவள அதிகாரியான ஒரு அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கடைசியில் அந்த அம்மா, எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றிருக்கிறார். அப்படி யாராவது அவளிடம் கேட்கலாமா?

"மேடம், நீங்க நேத்து ஆபீஸ்ல என்ன செஞ்சீங்க?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தாராம். பிறகு, "நேத்து சில பேரைக் கூப்பிட்டு, உங்களுக்கு இனிமே வேலை இல்லைன்னு சொன்னேன்" என்றாராம்.

"அவங்க என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க மேடம்?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

பஸ்ஸில் இதைச் சொல்லும்போது அவள் குரல் எங்கள் சீட்டைத் தாண்டவில்லை. "அவங்களும் பாவம்டி. நெசத்தைச் சொன்னாங்க" என்றாள். வேலை போச்சு என்றுதான் நான் நினைத்தேன். கிடைத்துவிட்டது. ஊரில் அவள் படம் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள். குவாரியில் அவள் அப்பா எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் எப்போது வந்து சேர வேண்டும் என்ற மின்னஞ்சல் மட்டும் வரவில்லை. அந்த வருஷம் எங்கும் அதே கதைதான். படிப்பு முடிந்து மாதங்கள் போயின. அவள் சும்மா இருக்கவில்லை. டெஸ்டர் அக்காவின் கம்பெனியில் நான் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு சிக்கல். மேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த மென்பொருளை அங்கே யாரும் தொடுவதில்லை. முதலாளிக்குக் கோபம். "உள்ளூர்தானே, நான் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றாள் நேத்து. ஒருநாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வந்து சொன்னாள்: "ரத்தம் எடுக்குற பொண்ணு கையில உறை போட்டிருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் பேரை டைப் அடிக்கச் சொன்னா எப்படி அடிக்கும்? உறையைக் கழட்டி மாட்டவே பொழுது போயிரும். பேரை வாசல்லயே அடிச்சு, ஸ்டிக்கரா ஒட்டிக் குடுத்துருங்க." மாற்றிக் கொடுத்தோம். அந்த வாரமே ஓடத் தொடங்கியது.

முதலாளி அவளைக் கூப்பிட்டு, "இதுக்குப் பேரு பிசினஸ் அனலிஸ்ட். நீ இங்கயே இரு" என்றார். கல்லூரித் திரையில் ஓடிய பெயர்களில் அதுவும் இருந்திருக்கும். எங்கள் கண்ணில் படவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பெரிய கம்பெனியின் மின்னஞ்சல் வந்தபோது, நன்றி சொல்லி மறுத்துப் பதில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து வந்தாள்.

அந்த மின்னஞ்சல் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

மாடிவீட்டுக் கம்பெனியை அவள் வீட்டில் வேலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வேலை வருகிறவரை ஏதோ போய் வருகிறாள் என்றுதான் பேச்சு. அதற்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம் வந்தது. பையன் பெங்களூர் கம்பெனியில் சாப்ட்வேர் இன்ஜினியர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். காபி, பலகாரம் எல்லாம் ஆனபிறகு இருவரையும் மொட்டை மாடியில் போய்ப் பேசச் சொன்னார்கள். "நீயும் கூடப் போத்தா" என்று அவள் அம்மா என்னைத் தள்ளிவிட்டார். நான் படிக்கட்டு முனையில் நின்றுகொண்டேன்.

பையன் பார்க்க நன்றாக இருந்தான். சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தான். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"நேத்து ஆபீஸ் வேலையில என்ன செஞ்சீங்க?"

"நேத்தா? வழக்கமான வேலைதாங்க."

"வழக்கமா என்ன?"

"காலையில மீட்டிங். அப்பறம் கோடிங். சாயங்காலம் இன்னொரு மீட்டிங்."

"எதுக்குக் கோடிங்? அதை யாரு பயன்படுத்துவாங்க?"

அவள் துருவவில்லை. ஆசையாகத்தான் கேட்டாள். பையன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வயல் பக்கம் பார்த்தான்.

"நேத்து நான் ஒண்ணும் செய்யலங்க. முந்தாநாளும் செய்யல. தீபாவளிக்கு முன்னாடியே வேலை போயிருச்சு."

அப்போது மாசி மாதம்.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. தினமும் குளிச்சுட்டு ரூமுக்குள்ள போய் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்குவேன். அம்மா காபி கொண்டாந்து சத்தமில்லாம வச்சுட்டுப் போகும். மீட்டிங்ல இருக்கேன்னு நெனச்சு, வாயில வெரலை வச்சுக்கிட்டே போகும். அதைப் பாக்கத்தான் முடியலங்க."

எனக்குப் படிக்கட்டில் இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. புத்தியும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு வேறு கேள்வி கேட்டாள்.

"வேலை போறதுக்கு முந்தின நாள் என்ன செஞ்சீங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய பதிவுகளை, வேலை ஒரு நிமிஷம்கூட நிற்காமல், ஒன்றும் தொலையாமல் புது இடத்துக்கு மாற்றுவதாம். ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுகிற மாதிரி என்றான். எப்படி மாற்றினீர்கள், தப்பானால் எப்படித் தெரியும் என்று அவள் கேட்கக் கேட்க, அவன் கைகளை ஆட்டி, சுவரில் விரலால் கட்டம் போட்டுக் காட்டிப் பேசினான். கீழே அவள் பெரியம்மா, "ரொம்ப நேரமா பேசுறாக. புடிச்சுப் போச்சு போல" என்று சிரிப்பது மாடிவரை கேட்டது.

கடைசியில் அவள் சொன்னாள், "இந்தக் கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லிடுறேன். பழி என் மேல வரட்டும். காரணத்தை ஒங்க வீட்ல நீங்கதான் சொல்லணும். நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். ஒங்க நம்பரை மட்டும் குடுங்க."

இறங்கி வந்து, "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். நல்ல நாளும் அதுவுமாக வீடு இரண்டுபட்டது. அவ்வளவு நேரம் சிரித்துப் பேசிவிட்டு வந்து இப்படிச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்? பெரியம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார். வாய் நீளம், படிப்புத் திமிர் என்று ஊரே பேசியது. எல்லாவற்றையும் விட, அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "நான் சொல்லிடட்டுமாடி, உங்கப்பாட்ட மட்டும்?" என்று நான் கேட்டேன். "அது அந்தப் பையன் சொல்ல வேண்டியது. நீ வாயைத் திறந்த, அம்புட்டுத்தான்" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவள் வீட்டில் இருந்தபோது, வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பையனுடைய அப்பா. வாடிப்பட்டியிலிருந்து தனியாக, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். அவள் அப்பா நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"ஒங்க மக மேல கோவப்படாதீங்கண்ணே. எம் மகன் எல்லாத்தையும் சொல்லிட்டான். ஒங்ககிட்ட வந்து சொல்ல எனக்குத்தான் இத்தன நாளாக் கூச்சமா இருந்துச்சு. வேலை போய் மாசக்கணக்காச்சு. ஒரே வீட்டுக்குள்ள இருக்கோம். எங்களுக்குத் தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊர்ல எல்லாருட்டயும் பெருமையடிச்சேன். என்னடா வேலை பாக்குறன்னு அவன்ட்ட ஒரு நா கேட்டதில்ல. ஒங்க புள்ள மாடியில வச்சுக் கேட்டுருக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சோத்தைப் பூராவும் சாப்பிட்டான். மறுநா காலையில ரூமுக்குப் போகல. என் பக்கத்துல வந்து உக்காந்துட்டான்."

அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போனார். அவள் பதறி, "அய்யோ, என்ன மாமா நீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இருவருமே அதை மறுபடி பேசவில்லை. அந்தப் பையன் பிற்பாடு வேறொரு பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்கு நாங்கள் கம்பெனியோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா, வந்தவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் பேசாதிருந்த பேச்சைப் பேசினார்.

"அந்தப் பையனுக்கு என்ன வேலை நல்லா வரும்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"அப்ப, ஒங்க கே.கே. நகர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். பெரிய ஆபீஸா இல்லாட்டி என்ன."

"மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில பழைய பதிவையெல்லாம் புதுசுக்கு மாத்தணும்னு ஆளு தேடிக்கிட்டிருந்தாகப்பா" என்றாள் அவள். "போன வாரமே அவரைப் பத்திச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வேலையில சேரச் சொல்லி இப்பத்தான் போன் வந்துச்சு."